அம்மாவின் தையல் மெஷின்: சிறுகதையா, நாவலா?

கிளிநொச்சிக்கு அருகே எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஒருவர் தான் எழுதியதை வாசிப்பார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்போம், பிறகு பேசுவோம். புதிதாக வந்த ஒரு தங்கை மூன்று வாரம் மூலையில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்காவது வாரம் எல்லோரும் சைக்கிளை எடுக்கும் நேரத்தில்தான் வாய் திறந்தாள்.

"அக்கா, அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி எழுத ஆசை. சிறுகதையாக எழுதுவதா, நாவலாக எழுதுவதா என்று தெரியவில்லை. அந்த யோசனையிலேயே ஒரு வருடம் போய்விட்டது."

அம்மா வீட்டிலிருந்தே பாடசாலைச் சீருடை தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் நெருங்கி ஊர் பெயர்ந்தபோது மெஷினின் தலையைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் உருட்டிப் போனார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று தறப்பாள் கட்டிய இடமெல்லாம் முதலில் உள்ளே போனது அந்த மெஷின். பிறகு ஓரிடத்தில் அதை விட்டுவிட்டு நடந்தார். எந்த இடம், எந்த நாள் என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை.

இந்த மெஷினை வைத்தே இரண்டு வடிவங்களையும் விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பக்கக் கணக்கு எவ்வளவு தூரம் உதவும்?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது நீளம். சிறியது சிறுகதை, பெரியது நாவல், இடையில் நிற்பது குறுநாவல். இந்தக் கணக்குக்கும் ஒரு பயன் இருக்கிறது. அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருதில் 7,500 சொற்களுக்கு உட்பட்டதைச் சிறுகதை என்றும் 40,000 சொற்களும் அதற்கு மேலும் உள்ளதை நாவல் என்றும் வகுத்திருக்கிறார்கள். போட்டி நடத்துபவர்களுக்கு எல்லைக்கோடு ஒன்று வேண்டும்தானே. அந்த எண்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரவும் முடியாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் எழுத ஐந்தாறு சொற்கள் வேண்டும். ஆகவே அதே அளவு விடயம் தமிழில் குறைந்த சொற்களுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் எழுத உட்காருபவருக்கு நீளம் பெரிதாக வழிகாட்டாது. எழுதி முடித்த பின்பு தெரியவரும் ஒன்றை எழுதுவதற்கு முன்பே எப்படி அளப்பது?

அரசமரம் சொல்லாமல் விட்டவை

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளிவந்தது. தமிழின் முதற் சிறுகதை அதுதானா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. அதில் கதை சொல்வது யார் என்பதே எனக்கு முக்கியம். குளக்கரையில் நிற்கும் ஒரு மரம் சொல்கிறது. ஊரில் நடந்தது அத்தனையும் தலைமுறை தலைமுறையாக அதற்குத் தெரியும். அப்படிப்பட்ட மரம் ருக்மிணி என்ற ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை மட்டும் எடுத்துச் சொல்கிறது. மாமியார் வீட்டார் கணவனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். கணவன் விளையாட்டாக அதற்கு இசைவது போல் நடிக்கிறான். உண்மை தெரியாத ருக்மிணி குளத்தில் விழுந்து இறக்கிறாள்.

மரத்துக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னால் அது பெரிய நாவலாகும். அது தெரிந்தெடுத்துச் சொன்னதால் சிறுகதையானது. தெரிந்தது எவ்வளவு என்பதை வைத்து வடிவம் அமைவதில்லை, எதைச் சொல்லாமல் விடத் துணிகிறோம் என்பதை வைத்தே அமைகிறது. இதை அந்தத் தங்கைக்குச் சொன்னபோது, "அப்படியென்றால் எனக்குத் தெரிந்தது குறைவு என்று கவலைப்படத் தேவையில்லையா?" என்று கேட்டாள். தேவையில்லை. தெரியாததை வைத்துக்கூடச் சிறுகதை எழுதலாம். அவளுடைய அம்மா சொல்லாத அந்த இடமே ஒரு சிறுகதையின் நடுவில் நிற்கப் போதுமானது.

சிறுகதையில் ஓர் அழுத்தம் இருக்கும். ஒரு மனிதர் ஒரு நிலையில் இருக்கிறார். கதை முடியும்போது அந்த நிலையில் ஏதோ ஒன்று அசைந்திருக்கும். அது பெரிய திருப்பமாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. கதைக்குள் வரும் ஒவ்வொரு பொருளும், ஒவ்வொரு உரையாடலும் அந்த அசைவை நோக்கியே போகவேண்டும். போகாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போகவேண்டும். பாலைப்பழக் காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய மிக நல்ல பந்தியாக அது இருக்கலாம். கதைக்கு அது தேவைப்படவில்லை என்றால் வெட்டத்தான் வேண்டும். எனக்கு இது இன்னும் வலிக்கிற வேலைதான்.

மெஷினைச் சிறுகதையாக்கினால்

மெஷினை விட்டுவிட்டு நடந்த இரவுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது வலுவான தருணம் என்பதில் சந்தேகமில்லை. ஒருபக்கம் பிள்ளை, ஒருபக்கம் மெஷின், இரண்டையும் தூக்கக் கையில்லை. ஆனால் அந்த இரவை எழுதினால் வாசகர் எதிர்பார்த்தபடியே அது முடியும். எதை விடுவார் என்பது முதல் வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த மாதங்களை நேரில் கண்டவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் அந்த இரவை எழுத மிகுந்த நிதானம் வேண்டும்.

வேறு வாசல்களும் இருக்கின்றன. மீள்குடியேறிய பிறகு உதவித் திட்டமொன்றில் அம்மாவுக்குப் புதிய மெஷின் ஒன்று கிடைக்கிறது. பெட்டியைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு ஜன்னலோரம் வைக்கிறார். தைக்கவில்லை. ஒரு வாரம் போகிறது, அதன் மேல் துணி போட்டு மூடுகிறார். மகளுக்குப் பாடசாலை தொடங்கப் போகிறது, சீருடைத் துணியும் வந்துவிட்டது. அந்தத் துணியை அம்மா எப்போது கையில் எடுப்பார்? கதை இவ்வளவுதான். போர் முடிந்த 2009இன் பெயரைக்கூடச் சொல்லாமல் இதை எழுதலாம். எழுதினால் வாசகர் தாமாகவே அந்த வீதியை நினைத்துக்கொள்வார்.

இந்தக் கதைக்கு இரண்டு பேர், ஒரு வீடு, இரண்டு வாரம் போதும். அப்பா எங்கே என்ற கேள்விக்குப் பதில் தேவையில்லை. சுவரில் மாட்டிய படம் ஒன்றே பதில் சொல்லிவிடும். அம்மா யாரிடம் தையல் பழகினார், முதல் மெஷின் எப்படி வந்தது என்பதற்கெல்லாம் இடமில்லை. இதையெல்லாம் விட்டுவிட மனம் ஒப்பினால் உங்கள் கையில் இருப்பது சிறுகதை.

விட மனம் ஒப்பாவிட்டால்

தங்கைக்கு மனம் ஒப்பவில்லை. முதல் மெஷின் எப்படி வந்தது என்பதை விடவே முடியாது என்றாள். அம்மம்மா தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிக் கொடுத்ததாம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனம் பெயர்ந்து பிறகு வன்னிக்குள் வந்தபோது, அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது, பெட்டிகளோடு அதுவும் வந்ததாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவில் தைத்ததாம். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு அது. 1996இல் கிளிநொச்சியிலிருந்து ஓடி அக்கராயன் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தபோதும், 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்குமான ஏ9 பாதை திறந்து தெற்கிலிருந்து புதுவகைத் துணி வந்தபோதும், அந்தப் பாதை 2006இல் மறுபடி மூடியபோதும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்று மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியை மட்டும் நாள் முழுவதும் தைக்கிறாள். முழுச் சட்டை தைக்க அவளுக்குத் தெரியாது.

கடைசி வரியைச் சொன்னபோது அவள் குரல் மாறியது. நாவல் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. முழுச் சட்டை தைக்கத் தெரிந்த தாய்க்கும் கழுத்துப்பட்டி மட்டும் தைக்கும் மகளுக்கும் இடையில் என்ன நடந்தது? இதற்கு ஒரு தருணத்தில் பதில் இல்லை. அத்தனை வருடங்களையும் நடந்து கடந்தால்தான் பதில் வரும்.

நாவலுக்கு வேண்டியது இதுதான். காலம் மனிதர்கள் மேல் வேலை செய்வதை வாசகர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். முதல் அத்தியாயத்தில் பேசிய அதே அம்மா இருபதாவது அத்தியாயத்தில் அதே சொல்லைச் சொன்னால் அதன் பாரம் வேறாக இருக்கவேண்டும். அந்தப் பாரம் ஏறுவதற்குத்தான் பக்கங்கள் தேவைப்படுகின்றன. ஒருவருடைய மனதுக்குள் மட்டும் நில்லாமல் அம்மம்மாவின் பக்கத்திலும், மெஷினை அடகு வைத்துக் கடன் வாங்கக் கேட்ட மாமாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று காட்டவும் நாவல் இடம் தருகிறது.

நிலமும் அப்படித்தான். வன்னியில் காடும் குளமும் கதைக்குப் பின்னால் தொங்கும் படம் அல்ல. மழை பிந்தினால் விதைப்புப் பிந்தும், விதைப்புப் பிந்தினால் கலியாணம் பிந்தும். 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் குளத்தை அண்டிய காட்டு வாழ்க்கையை நாவலாக்கியது. அதை வாசித்தவர்களுக்குத் தெரியும், ஒரு நிலம் மனிதர்களின் குணத்துக்குள் இறங்குவதைக் காட்டப் பத்துப் பக்கம் போதாது என்று.

இரண்டு கேள்விகள்

தொடங்குகிறவர்களிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. உங்கள் கதையை ஒரு நண்பரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பாருங்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டு, சொல்லச் சொல்ல உங்களுக்கும் சொல்ல இன்னும் இருந்துகொண்டே இருந்தால் அது நாவலின் பக்கம் சாய்கிறது. சொல்லி முடித்ததும் அவர் ஒன்றும் கேட்காமல் சற்று நேரம் இருந்துவிட்டு, "அந்த மனுசி ஏன் அப்படிச் செய்தார்?" என்று ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தால் சிறுகதையின் பக்கம்.

மற்றக் கேள்வி, எதை இழக்க முடியாது என்பது. கதையிலிருந்து ஒவ்வொருவராக, ஒவ்வொரு வருடமாக மனதுக்குள் அகற்றிப் பாருங்கள். மாமாவை எடுத்தாலும் கதை நிற்கிறதா? 1996ஐ எடுத்தாலும் நிற்கிறதா? நின்றால் எடுத்துவிடுங்கள். எதை எடுத்தாலும் மற்றது சரிந்து விழுகிறது என்றால் நீங்கள் நாவலுக்குள் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

மூன்றாவதாக நேரத்தையும் பார்க்கவேண்டும், இதைப் பலர் பேசுவதில்லை. குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கும் சிறுபோகம் செய்வதற்கு முன் கமக்காரர்கள் கூட்டம் கூடுவார்கள். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவாகும். மாரி மழையில் செய்யும் காலபோகம் போல நிலம் முழுவதையும் விதைத்தால் கதிர் வரும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்துவிடும். எழுதுகிறவரின் நேரமும் குளத்துத் தண்ணீர்தான். தொழிற்சாலையிலிருந்து இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, சமைத்து, தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மிஞ்சுவது முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் நாளொன்றுக்கு 300 சொற்கள் எழுத முடிந்தால் 150 நாட்களில் 45,000 சொற்கள் வரும். அது ஒரு நாவலின் முதல் வரைவு. முடியாத காரியமில்லை, ஆனால் 150 நாட்களுக்கும் அந்த உலகத்தை மனதில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்து பத்து நாள் விட்டுப்போனால் மீண்டும் உள்ளே நுழைய ஒரு வாரம் வேண்டும். சிறுகதையை ஒரு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் ஒரே இருப்பில் முழுவதையும் வாசித்துத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். வீட்டு வேலையும் கூலி வேலையும் சேர்ந்து நெரிக்கும் பெண்களுக்கு இது சின்ன வித்தியாசமில்லை.

அதற்காகச் சிறுகதையை நாவலுக்கான பயிற்சிக் களமாக நினைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். முதலில் பத்துச் சிறுகதை எழுதிக் கை பழகிவிட்டு நாவலுக்குப் போ என்று இளையவர்களிடம் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனாலும் பிழையான ஆலோசனை. புதுமைப்பித்தன் 42 வயதில் இறந்தபோது அவர் பெயரை நிறுத்தியவை அவருடைய சிறுகதைகளே. கனடாவின் அலிஸ் மன்றோவுக்கு 2013இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்ததும் சிறுகதைக்காகத்தான். அவர்கள் எந்தப் படியிலும் பாதியில் நின்றுவிட்டவர்கள் அல்லர். இரண்டையும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி வன்னி வாழ்க்கையைச் சிறுகதைகளாகவும் நாவல்களாகவும் எழுதியிருக்கிறார். அவருடைய சிறுகதை ஒன்றையும் 'பச்சை வயல் கனவு' நாவலையும் அடுத்தடுத்து வாசித்தால் நான் இங்கே சொன்னது தானாகவே விளங்கும்.

எங்கே வெளியிடுவது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிறுகதைக்கு ஞாயிற்றுப் பதிப்புகளும் சிற்றிதழ்களும் இருக்கின்றன. ஒரு கதை முடிந்ததும் வாசகர் கைக்குப் போய்விடும். நாவல் முழுதாக முடிந்தால்தான் புத்தகமாகும். இலங்கையில் தமிழ்ப் புத்தகம் போடுகிறவர் பெரும்பாலும் தன் பணத்தையே போடவேண்டியிருக்கிறது. பழைய ஈழத்துச் சிறுகதைகளையும் நாவல்களையும் வாசிக்க நூலகம் இணையத்தளம் இருக்கிறது. 2005இல் தொடங்கியது, இலவசம்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு மூன்றாவது ஒரு வழி உண்டு. ஒரே ஊரை, ஒரே குடும்பத்தை வைத்துத் தனித்தனியாக நிற்கக்கூடிய கதைகளை ஒவ்வொன்றாக எழுதுவது. ஒன்றில் அம்மம்மாவின் தாலிக்கொடி, ஒன்றில் ஜாம் போத்தல் விளக்கு, ஒன்றில் தொழிற்சாலைக் கழுத்துப்பட்டி. ஏழெட்டுக் கதைகள் சேர்ந்தபின், அவற்றுக்கு நடுவில் நாவல் ஒன்று இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு நல்ல தொகுப்பு கையில் இருக்கும். ஒன்றில் மட்டும் கவனமாக இருக்கவேண்டும். முதற்கதையில் சொன்னதை வாசகர் அறிந்திருப்பார் என்று நம்பி இரண்டாவதை எழுதக்கூடாது.

எதைத் தெரிந்தெடுத்தாலும் முதல் நாளே ஒரு கொப்பியில் வருடங்களை எழுதிவையுங்கள். இங்கே நம்முடைய ஞாபகம் வருடக் கணக்கில் ஓடுவதில்லை. 'பாதை திறந்த வருடம்', 'சுனாமிக்கு முந்தின விதைப்பு', 'முகாமிலிருந்து வந்த மழை' என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொற்களைக் கதைக்குள் அப்படியே விடுங்கள், அவை பொன் போன்றவை. கொப்பியில் மட்டும் பக்கத்தில் 2002 என்றும் 2004 என்றும் அந்த நேரம் யாருக்கு எத்தனை வயது என்றும் குறித்துவையுங்கள். நாவலில் ஒரு பிள்ளை இரண்டு வருடம் வளராமல் நிற்பதை நான் என் சொந்த எழுத்திலேயே கண்டு தலையில் கை வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை தங்கை ஒன்பது தாள்கள் கொண்டுவந்தாள். புதிய மெஷினைத் துணியால் மூடிவைத்த வீட்டின் கதை. நான் சொன்னதிலிருந்து அவள் ஓர் இடத்தில் விலகியிருந்தாள். அம்மா கடைசிவரை மெஷினில் உட்காரவில்லை. பாடசாலை தொடங்குவதற்கு முதல்நாள் இரவு சீருடை முழுவதையும் கையாலேயே தைத்துவிடுகிறார், விடிய விடிய, சிறு சிறு தையலாக. மகள் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதோடு கதை முடிகிறது. வாசித்து முடித்தபோது யாரும் பேசவில்லை. பிறகு ஓர் ஐயா மட்டும், "நல்ல ஊசி வேண்டும் பிள்ளை, அந்தத் துணிக்கு" என்றார்.

அவளுடைய பையில் நாற்பது தாள் கொப்பி ஒன்றும் இருந்தது. முதற் பக்கத்தில் 1995 என்று எழுதி, பக்கத்தில் 'அம்மா 17, அம்மம்மா 43' என்று குறித்திருந்தாள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மெஷினை எங்கே விட்டார் என்று அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை என்றாள்.